பின்னறைக்கு வாங்கிய திரை

குன்னூர்
9 ஜூன் 2025

அன்புள்ள இந்து,

உன் பழைய நம்பருக்கு நாலு தடவை அடித்துப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை என்கிறது. ஜூடித்திடம் புது நம்பர் கேட்டேன். "குடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்கக்கா" என்று சொல்லிவிட்டு, பாஸ்போர்ட் போட்டோ வெட்டுகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். நீ ஸ்டூடியோவில் சேர்ந்தபோது கொடுத்த விலாசம் ஃபைலில் இருந்தது. அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருஷம் ஆகப் போகிறது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

போன புதன்கிழமை பின்னறைக் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. நீ உட்கார்ந்து கல்யாண ஆல்பங்கள் செய்தாயே, அதே கம்ப்யூட்டர்தான். இப்போது அதில் ஜூடித் ஆதார் பிரிண்டும் பாஸ்போர்ட் போட்டோவும் மட்டும் போடுகிறாள். சர்வீஸுக்கு ஊட்டியிலிருந்து பெனிஸ் என்று ஒருவர் வந்தார். மழைக்கு வயரில் ஏதோ கோளாறு. ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டார். ஆனால் கிளம்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பையிலிருந்து மவுஸ் அளவில் ஒரு கருவியை எடுத்துத் திரையின் முன்னால் தொங்கவிட்டார். திரை ஒவ்வொரு நிறமாகக் காட்ட, அது அளந்துகொண்டே போனது.

"ஏனுங்க, இதுல யாராச்சும் கலர் பாத்தாங்களா?" என்று கேட்டார்.

"முன்னாடி ஒரு பொண்ணு பாத்துச்சுங்க. கல்யாண ஆல்பமெல்லாம் அதுதான் பண்ணுச்சு."

"பாவமுங்க. இந்தத் திரை எல்லாத்தையும் நீலமாக் காட்டுது. இதுல மொகத்தைச் சரி பண்ணணும்னா மஞ்சளையும் செவப்பையும் அள்ளிப் போட்டாத்தான் ஆகும். திரையில நல்லா இருக்கும். பிரிண்ட் வந்தா மஞ்சளா நிக்கும். எப்பேர்ப்பட்ட கண்ணா இருந்தாலும் இதுல தப்பிக்க முடியாதுங்க."

ஜூடித் பக்கத்தில்தான் நின்றாள்.

இந்து, உன் கண்ணில் கோளாறு இல்லை. தாரிணியின் கல்யாண ஆல்பம் கெட்டுப்போனது உன்னால் இல்லை. எனக்கு இது இப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும் எழுதுகிறேன். பின்னறைக்குப் புதிதாக, முன்னறையில் இருப்பதைவிட விலை கூடினதாகவே ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றிருக்கிறேன். நீ வந்து உட்கார்ந்தால் போதும். பழையதை நாம் இரண்டு பேருமே மறந்துவிடலாம்.

பதில் போடு.

அன்புடன்,
பிரீத்தி அக்கா


நெல்லியாளம்
22 ஜூன் 2025

பிரீத்தி மேடம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பத்து நாள் கழித்து வந்தது. பாதி எழுத்து மழையில் ஊறியிருந்தது. படிக்க முடிந்தது.

நானும் அம்மாவும் எஸ்டேட் லைன் வீட்டில்தான் இருக்கிறோம். அம்மா கொழுந்து எடுக்கப் போகிறார். நான் ஃபாக்டரியில் பேக்கிங்கில் இருக்கிறேன். பைகளில் தேயிலைத் தூள் நிரப்பி, எடை பார்த்து, வாயை ஒட்டுகிற வேலை. நிறம் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் அதில் சேர்ந்தேன்.

நீங்கள் எழுதியிருப்பதை நான் யோசிக்காமல் இல்லை. ஊருக்குத் திரும்பிய வருஷம் பந்தலூரில் கண் முகாம் நடந்தது. புள்ளிகளுக்குள் நம்பர் ஒளித்து வைத்த புத்தகத்தை டாக்டர் காட்டினார். எல்லா நம்பரையும் சொன்னேன். "ஒரு கோளாறும் இல்லம்மா" என்றார். வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்ததும், பச்சையா சிவப்பா என்று பார்க்கத்தான் அந்தப் புத்தகம், ஒரு முகத்தின் நிறத்தைப் பார்க்க அது போதாது என்று எனக்கே தோன்றிவிட்டது. டாக்டரை ஐந்து நிமிஷம்தான் தெரியும். உங்களிடம் நாலு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் பேச்சைத்தான் நம்பினேன்.

அந்தத் திரை வந்த முதல் நாளே, "அக்கா, இதுல வெள்ளையே நீலமாத் தெரியுது" என்று சொன்னேன். நீங்கள் முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எனக்குச் சரியாத்தான் இந்து தெரியுது. பழகிரும்" என்றீர்கள். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. வெள்ளை வெள்ளையாகவே தெரிந்தது. அந்த வாரம்தான் தாரிணியின் ஆல்பத்தைத் தொட்டேன்.

ஆல்பம் அச்சாகி வந்த பிறகு என்னைக் கேத்தியில் பெண் வீட்டுக்கு அழைத்துப் போனீர்கள். பெண்ணின் அம்மா சாந்தாமணி அம்மா, சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். "எம் பொண்ணுக்கு மஞ்சக்காமாலையான்னு சம்பந்தி ஊட்ல கேக்கறாங்க" என்று சொல்லி ஆல்பத்தை என் காலடியில் வைத்தார். நீங்கள் சொன்னதும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இந்தப் புள்ளைக்குக் கண்ணுல கோளாறுங்க. கலர் தெரியறதில்ல. நான்தான் கவனிக்காம உட்டுட்டேன்." எனக்குக் கண் கோளாறு என்று எனக்கே அன்றுதான் தெரியும். அதற்காக எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன்.

ஒரே ஒரு கேள்வி. நான் போன மறு வாரமே ஆல்பம் வேலையை எல்லாம் முன்னறைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டீர்கள் என்று ஜூடித் அப்போதே சொன்னாள். பின்னறைத் திரையில் கோளாறு என்று இப்போதுதான் தெரிந்தது என்றால், மூன்று வருஷத்துக்கு முன்னால் எதற்காக மாற்றினீர்கள்?

இந்துமதி


குன்னூர்
3 ஜூலை 2025

அன்புள்ள இந்து,

'மேடம்' என்று எழுதியிருக்கிறாய். சரி.

நீ இருந்த இடத்திலிருந்து பார்த்தால் நான் செய்தது எல்லாமே தப்பாகத்தான் தெரியும். என் பக்கத்தையும் கேள். அந்த வருஷம் ஆடி மழையில் உன் பழைய மானிட்டர் போனது. அதே மாதம்தான் முன்னறையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். அப்பாவோடு கோயம்புத்தூர் போனேன். முன்னறைக்கென்று அந்த வெள்ளி நிறக் கம்ப்யூட்டரைப் பார்த்து வைத்தேன். அதன் விலையைக் கேட்டுவிட்டு, கடையில் நின்றபடியே அப்பா, "ஏஞ்சாமி, பில் அடிக்கறதுக்கு இத்தன வெலையா? இதுல அப்படி என்னதான் இருக்குது?" என்றார். "கஸ்டமர் உள்ள வந்ததும் இதைத்தானுங்கப்பா பாப்பாங்க" என்று சொன்னேன். உண்மையும் அதுதான். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் அதில் கல்யாணப் படங்கள் ஓடிக்கொண்டிருந்தால், பெரிய இடத்து ஆட்கள்கூட விலை பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பின்னறைக்குக் கொஞ்சம் மலிவாக வாங்கினேன். யார்தான் வாங்கவில்லை? ஊட்டியில், கோத்தகிரியில் எந்த ஸ்டூடியோவுக்குள் வேண்டுமானாலும் போய்ப் பார். பின்னால் இருப்பதெல்லாம் அங்கங்கே கிடைத்ததைச் சேர்த்த பெட்டிதான்.

வேலையை மாற்றியதைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். நீ போன பிறகு அந்த அறையில் போய் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். எது எப்போது தெரிந்தது என்று இன்றைக்கு உட்கார்ந்து நாள் கிழமை சொல்ல முடியுமா?

எழுத்தில் எல்லாம் வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினால் கூடலூர் வழியாக மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். வரட்டுமா?

பிரீத்தி


நெல்லியாளம்
15 ஜூலை 2025

பிரீத்தி மேடம் அவர்களுக்கு,

வர வேண்டாம். மண் சரிந்து ரோடு ஒரு பக்கம்தான் திறந்திருக்கிறது. திறந்திருந்தாலும் வர வேண்டாம்.

என் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. அதனால் நான் வேறு ஒன்றை எழுதுகிறேன்.

எங்கள் ஃபாக்டரியில் பொன்னுத்துரை என்று ஒரு டீமேக்கர் இருக்கிறார். தூள் பதம் பார்க்கிற பொறுப்பு முழுக்க அவருடையது. கொழுந்தை வாட்டி, மெஷினில் நறுக்கிய பிறகு ஓர் அறையில் பரப்பி வைப்பார்கள். பச்சையாக இருப்பது காற்றுப் பட்டுப் பட்டுச் செம்பு நிறத்துக்கு வரும். சரியான செம்பு வந்ததும் காய வைக்கிற டிரையருக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் பச்சை வாடை நிற்கும். பிந்தினால் கறுத்து, ருசி போய்விடும். மணத்தை வைத்தும் சொல்வார்கள், ஆனால் நிறம்தான் முக்கியம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலி மூட்டைகளை எடுத்துக்கொண்டு அந்த அறை வழியாகப் போகும்போது, என்னை அறியாமல் "இது போதும் ஐயா, அனுப்பிரலாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். அனுப்பினார். தூள் நன்றாக வந்தது. அதற்குப் பிறகு வேண்டுமென்றே இரண்டு மூன்று தடவை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். ஒரு நாள், "என்னா புள்ள, ஒனக்கு நல்ல கண்ணு. எனக்கு வயசாயிருச்சி, ரெண்டு வருசத்துல போயிருவன். நீ வந்து எனக்கு அடுத்து நில்லு. ஆபீஸ்ல நான் பேசுறேன்" என்றார்.

அந்த வேலையில் இங்கே பெண்கள் யாரும் இதுவரை நின்றதில்லை.

"எனக்குக் கண்ணு சரியில்ல ஐயா" என்று சொன்னேன்.

"யாரு சொன்னா?"

"குன்னூர்ல வேலை பாத்த எடத்துல."

பிறகு போய்விட்டார். அந்த இடத்துக்கு ஷிஜோ என்கிற கூடலூர் ஆளைப் போட்டார்கள். நல்ல மனிதர். வேலையும் நன்றாகப் பழகிவிட்டார். அவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

உங்களுக்கு எப்போது தெரியும் என்று நான் கேட்டது இதற்காகத்தான்.

இந்துமதி


குன்னூர்
27 ஜூலை 2025

இந்து,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஜூடித்தை வீட்டுக்கு அனுப்பினேன். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

எனக்குத் தெரியும்.

சாந்தாமணி அம்மா போன் செய்து கத்திய மறுநாள் காலை, நாம் கேத்திக்குக் கிளம்புவதற்கு முன்னால், நீ வருவதற்கும் முன்னால், அந்தப் படங்களை முன்னறைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். ஆல்பத்தில் எப்படி இருந்ததோ அப்படியே மஞ்சளாகத் தெரிந்தது. எழுந்து போய் உன் திரையில் பார்த்தேன். தாரிணி தாரிணியாகவே இருந்தாள். இரண்டு அறைக்கும் நடுவில் மூன்று தடவை நடந்தேன். புரிவதற்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அதற்கு முன்பே எனக்கு ஒருவர் சொல்லியும் இருந்தார். பின்னறைக்கு இருப்பதிலேயே மலிவானதைக் காட்டச் சொன்னபோது அந்தக் கோயம்புத்தூர்க் கடைக்காரர், "கலர் வேலைக்குன்னா இது வேண்டாமுங்க. அந்தப் பெரிய கம்ப்யூட்டர் வெலையில கால்வாசி குடுத்தீங்கன்னா நல்ல திரையாவே தர்றேன்" என்றார். "பின்னாடி ரூமுக்குத்தானுங்க, யாரும் பாக்கப் போறதில்ல" என்று சொன்னேன். இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். நீ பார்த்துக்கொண்டே இருக்கப் போகிற திரையைப் பற்றி.

நீ முதல் நாள் வெள்ளை நீலமாகத் தெரிகிறது என்று சொன்னபோது நான் திரையைப் பார்க்கவே இல்லை. அறை வாசலில் நின்றபடி சும்மா சொன்னேன். ஜூடித்திடமும் கேட்டாய், அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரை சரியாகத்தான் இருக்கிறது என்றாள்.

கேத்திக் கூடத்தில், 'மலிவாகப் பார்த்து நான்தான் மோசமான திரை வாங்கிக் கொடுத்தேன்' என்று சொல்லியிருக்கலாம். சாந்தாமணி அம்மா சொந்தத்தில் அந்த வருஷம் இன்னும் ஆறு கல்யாணம் இருந்தது. அதை நினைத்தேன். இது ஒரு காரணம். எழுதக் கூசுகிற காரணம் இன்னொன்று இருக்கிறது. அப்போதெல்லாம் கதவைத் திறந்து உள்ளே வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்து, "இந்து இருக்குதுங்களா?" என்று கேட்பார்கள். போர்டில் என் பேர். வாங்கிய சாமான்களெல்லாம் என்னுடையவை. அந்தக் கூடத்தில் உனக்குக் கண் கோளாறு என்று சொன்னபோது, இந்து, ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தை இந்த மூன்று வருஷமும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது எழுதியதும் முழுக்க உனக்காக இல்லை. வேலை குறைந்துவிட்டது. அவ்வளவு விலை கூடின கம்ப்யூட்டரில் நான் செய்கிற ஆல்பங்கள் சுமாராகத்தான் வருகின்றன. மக்கள் வேறு இடத்துக்குப் போகிறார்கள். பெனிஸ் உன்னைப் பாவம் என்றதும், உன்னைத் திரும்பக் கூப்பிட ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஃபாக்டரியில் நீ வேண்டாம் என்று சொன்ன வேலைக்கு நான் என்ன செய்ய முடியும்? என்ன செய்தால் சரியாகும் என்று சொல். செய்கிறேன்.

பிரீத்தி


நெல்லியாளம்
11 ஆகஸ்ட் 2025

பிரீத்தி அக்காவுக்கு,

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஒரு வார்த்தை விடாமல் வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும், "அந்தப் பொம்பளைக்கு இம்புட்டு எழுதத் தெரிஞ்சிருக்கே, அன்னிக்கு ஒரு வார்த்தை பேசத் தெரியலியே" என்றார். பிறகு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. உட்கார்ந்து இந்த மூன்று வருஷத்தை நினைத்துப் பார்த்தேன். துணிக் கடைக்குப் போனால் சேலைக்குச் சரியான ரவிக்கைத் துணியை அம்மாவைத்தான் எடுக்கச் சொல்வேன். ஒரு தடவை அம்மா பச்சைச் சேலைக்கு வேறு பச்சையில் எடுத்துவிட்டார். சேரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் சொல்லவில்லை. தப்பு என் கண்ணில் இருந்தால்? அதையே கட்டிக்கொண்டு சித்தி மகள் கல்யாணத்துக்குப் போனேன். அங்கே இரண்டு பேர் சிரித்தார்கள். அப்போதும் யாரை நம்புவது என்று தெரியவில்லை.

நீங்கள் எனக்கு ஒரு மோசமான திரையைக் கொடுத்தீர்கள். அது போனால் போகிறது. மலிவாக வாங்குவது தப்பு இல்லை. நாங்கள் எல்லாம் மலிவாகத்தான் வாங்குகிறோம். அந்தத் திரையை வீட்டுக்குப் போகும்போது அணைத்துவிட்டுப் போய்விடலாம். நீங்கள் சொன்ன வார்த்தையை அப்படி அணைக்க முடியவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் மன்னிப்பு வேண்டாம். கேத்தியில் என்னை நிறுத்தி வைத்த அதே கூடத்துக்குப் போங்கள். எனக்குக் கண் கோளாறு என்று யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடம், எனக்கு எழுதியதை எழுதியபடியே சொல்லுங்கள். அதற்குப் பிறகு எழுதுங்கள்.

இந்துமதி


குன்னூர்
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள இந்து,

போய் வந்துவிட்டேன்.

முதல் தடவை கேத்தி ஸ்டாப்பில் இறங்கிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டாவது தடவை போனபோது சாந்தாமணி அம்மாவும் அவர் வீட்டுக்காரர் சுப்பண்ணனும் வாசலில் கேரட் மூட்டை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாரிணி பிரசவத்துக்கு வந்து அம்மா வீட்டில் இருக்கிறாள். கூடத்தில் உட்காரச் சொன்னார்கள். நின்றபடியே சொல்லிவிடுகிறேன் என்று சொன்னேன். கடைக்காரர் எச்சரித்ததில் ஆரம்பித்து, அந்த ஒரு நிமிஷ நிம்மதிவரை எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் பிறகு வராது என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை.

சுப்பண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். சாந்தாமணி அம்மாதான் பேசினார்.

"அன்னைக்கு அந்தப் புள்ள அழுதுட்டே நின்னுச்சு. ஒரு டம்ளர் தண்ணி குடின்னுகூட நாங்க யாரும் சொல்லலீங்க" என்றார். "நானே எத்தன பேர்த்துகிட்ட சொன்னேன், அங்க ஒரு கண்ணு தெரியாத புள்ளய வேலைக்கு வெச்சிருக்காங்கன்னு. இப்ப அவங்க ஒவ்வொருத்தரையும் தேடிப் போயி நான் என்னன்னு சொல்றது?"

தப்பு என்னுடையது, உங்களுடையது இல்லை என்று சொன்னேன்.

"நீங்க பேசாதீங்க கண்ணு" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தாரிணி உள்ளே போய், நான் இரண்டாவதாக அடித்துக் கொடுத்த ஆல்பத்தை எடுத்து வந்தாள். அந்த விலை கூடின கம்ப்யூட்டரில் நானே உட்கார்ந்து செய்தது. மஞ்சள் என்று ஒரு தடவை திட்டு வாங்கிய பயத்தில் முகத்தை எல்லாம் வெள்ளையாக்கி வைத்திருந்தேன். "எல்லாரும் நல்லா இருக்குன்னுதாங்க்கா சொன்னாங்க. ஆனா இது நான் இல்லீங்க. எங்க அம்மா மாதிரி மாநிறமுங்க நான். இதுல இருக்கறது யாரோ" என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "படமெல்லாம் இன்னும் வெச்சிருக்கீங்களா? அவங்க பண்ணித் தருவாங்களா? வேண்டாம்னு சொன்னா வற்புறுத்தாதீங்க. கேட்டதா மட்டும் சொல்லுங்க" என்றாள்.

படங்கள் பத்திரமாக இருக்கின்றன. அவள் கேட்டதைச் சொல்லிவிட்டேன். என் பங்குக்கு நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

பிரீத்தி


நெல்லியாளம்
8 செப்டம்பர் 2025

பிரீத்தி அக்காவுக்கு,

நீங்கள் போய்ச் சொன்னது எனக்குக் கடிதம் வருவதற்கு முன்பே தெரியும். சாந்தாமணி அம்மா ஜூடித்திடம் நம்பர் வாங்கிப் பேசினார். பேச்சைவிட அழுகைதான் அதிகம். நானும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தாரிணிக்குச் செய்து தருகிறேன். இந்த ஒரு ஆல்பம் மட்டும். 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை லீவு. சனிக்கிழமையே வந்து ஜூடித் வீட்டில் தங்கிக்கொள்கிறேன். அன்று நீங்கள் ஸ்டூடியோவில் இருக்கக் கூடாது. உங்களைப் பார்த்தால் என்னால் வேலை செய்ய முடியாது. சண்டை போட்டுவிடுவேன், இல்லை என்றால் பழையபடி ஆகிவிடுவேன். இரண்டுமே எனக்கு வேண்டாம்.

இந்துமதி


குன்னூர்
13 செப்டம்பர் 2025

இந்து,

அன்று நான் கோயம்புத்தூரில் அப்பாவோடு இருப்பேன். சாவி பெனிஸிடம் இருக்கும். ஏதாவது கோளாறு என்றால் பார்க்க அவரே அங்கே இருப்பார்.

புதிதாக வாங்கலாமா என்று அவரைக் கேட்டேன். "எதுக்குங்க புதுசு? முன்னாடி பில் அடிக்கறதைத் தூக்கிப் பின்னாடி வைங்க. அது இத்தன நாளா அதுக்கேத்த வேலையே இல்லாம ஒக்காந்திருக்குது" என்றார். இரண்டையும் இடம் மாற்றிவிட்டோம். நிறத்தையும் அளந்து சரி செய்து வைத்திருக்கிறார். முன்னறையில் இப்போது அந்த நீலத் திரைதான். பில் அதில் நன்றாகவே வருகிறது.

உன் நாற்காலியை மட்டும் நான் மாற்றவில்லை.

பிரீத்தி


குன்னூர், ஸ்டூடியோ பின்னறை
21 செப்டம்பர் 2025

பிரீத்தி அக்காவுக்கு,

வேலை முடிந்தது. கடைசி பஸ்ஸுக்கு முன்னால் இதை எழுதி மேஜை மேல் வைத்துவிட்டுப் போகிறேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் அப்படி என்ன இருக்கிறது என்று உங்கள் அப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். ஏழு மணி நேரம் உட்கார்ந்ததை வைத்துச் சொல்கிறேன். தாரிணியின் அரக்குச் சேலையில் மடிப்புக்குள் இருக்கிற அரக்கும் வெளிச்சம் பட்ட அரக்கும் வேறு வேறாகத் தெரிகின்றன. தலையில் வைத்த மல்லிகையில் காலையில் வைத்தது எது, முகூர்த்தத்துக்கு வைத்தது எது என்று சொல்ல முடிகிறது. மாநிறத்தில் எத்தனை நிறம் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். இந்த வேலைக்கு அந்த விலை தகும். அப்பாவிடம் சொல்லுங்கள். மூன்று வருஷம் அதை முன்னறையில் காட்சிக்கு வைத்திருந்ததுதான் வீண்.

என் கண்ணும் சரியாகத்தான் இருக்கிறது. இன்று நானே பார்த்துவிட்டேன்.

ஆனால் முன்பு ஒரு படத்துக்கு ஐந்து நிமிஷம் எடுப்பேன். இன்று முதல் படத்துக்கு நாற்பது நிமிஷம் ஆனது. சரியாக வந்துவிட்டது என்று தெரியும், ஆனாலும் அடுத்த படத்துக்குப் போக முடியவில்லை. பெனிஸ் அண்ணனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, "இது சரியா இருக்குதா?" என்று கேட்டேன். பத்துப் பன்னிரண்டு தடவை கேட்டிருப்பேன். கடைசியில் அவர், "ஏம்மா, நான் வயர் சொருகறவன். என்கிட்டப் போயி கேக்கறீங்களே?" என்றார். அந்தக் காலத்தில் நான் யாரையும் கேட்டதே இல்லை அக்கா. உங்களைக்கூட.

அதனால் திரும்ப வேலைக்கு வர மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முன்னறையிலிருந்து நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று காது அந்தப் பக்கமே போய்க்கொண்டிருக்கும். அந்தப் பயம் போவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

பொன்னுத்துரை ஐயாவிடம் போன வாரம் பேசினேன். ரொம்ப நேரம் திட்டினார். அந்த இடம் போனது போனதுதான், இனி கிடைக்காது. வேண்டுமானால் பேக்கிங் முடிந்த பிறகு தினமும் ஒரு மணி நேரம் ஷிஜோ பக்கத்தில் வந்து நில் என்று சொன்னார். அதற்குச் சம்பளம் கிடையாது. சரி என்று சொல்லியிருக்கிறேன்.

ஆல்பத்தைக் கேத்திக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் கடைசிப் பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். ஸ்டூடியோ பேருக்குக் கீழே, வண்ணம்: இந்துமதி என்று போட்டிருக்கிறேன். உங்களைக் கேட்காமல்தான் போட்டேன். எடுத்துவிடாதீர்கள்.

இந்துமதி